தோஃபுப் பாட்டில் நாலாம் எண்

சோயாக்கட்டிக்கு, அதாவது தோஃபுவுக்கு, பேர்போன சுமெடாங் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இசை சொல்லித்தரும் இமாஸுக்குப் பாடத்திட்டம் எழுதுவதென்றால் கொள்ளை ஆசை. மற்ற ஆசிரியைகள் போன வருட நோட்டைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிப்பார்கள். இவள் ஞாயிறு மதியமே கலர் பேனாக்களோடு உட்கார்ந்துவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதுவாள். ஓரிடத்தில் நிற்காத தாதாங்குக்கு ஓடியாடும் வேலை, கூச்சக்காரர்களுக்குக் கூட்டத்தோடு கூட்டமாய் ஒரு வேலை, காய்ச்சலில் காது போன ரின்ரினுக்கும் ஒரு வேலை. கடைசியில் சிவப்பு மையில் 'யாரும் விடுபடவில்லை' என்று எழுதி அடிக்கோடு போடுவாள். தலைமையாசிரியர் பார்த்து "பலே" என்பார். அன்றைக்கெல்லாம் இவளுக்குத் தலைகால் புரியாது.

அந்த வருட ஆண்டுவிழாவுக்குத் தோஃபு விற்கும் பாட்டு ஒன்றைத் தானே கட்டினாள். வாசிப்பது அங்க்லுங்கில். ஒரு மூங்கில் சட்டத்தை ஆட்டினால் ஒரே ஒரு சுரம்தான் வரும்; எல்லாரும் அவரவர் சுரத்தை ஆட்டினால்தான் பாட்டு. சுரங்கள் கரும்பலகையில் எண்களாக இருக்கும், இமாஸ் முன்னால் நின்று கையால் காட்டுவாள். மூடிய கை என்றால் ஒன்று, கட்டைவிரல் தரையைப் பார்த்தால் நாலு. நாலு அந்தப் பாட்டில் இரண்டே தடவைதான் வரும், அதற்கு ஓர் ஆள் போதும். பாவம், சிரமப்பட வேண்டாமே என்று அதை ரின்ரினிடம் கொடுத்தாள்.

இரண்டு மாதம் ஒழுங்காக வந்த பெண், பிறகு இரண்டு வியாழக்கிழமை வரவில்லை. வியாழன்தான் இசை வகுப்பு. மூன்றாம் வாரம் இமாஸ் அவள் அம்மா கொகோமின் தோஃபு கடைக்கே போய்விட்டாள்.

"என்ன கொகோம் அக்கா, வியாழன்னா மட்டும் பாப்பாவுக்கு வயித்துவலியா?"

"வயிறாவது வலியாவது! நீங்களே கேளுங்க இபு. எங்கிட்ட வாயே திறக்க மாட்டேங்குறா." டீச்சரம்மாவை அந்த ஊரில் 'இபு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரின்ரின் எதிரில் வந்து நின்றாள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்கிறவள்.

"அஞ்சு எத்தனை தடவை வருது தெரியுமா இபு? பத்தொம்போது. மூணு, பதினாறு. என்னுது ரெண்டு. பலகையில எண்ணிட்டேன்."

"உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதாம்மா..."

"காதுதானே கேக்காது? கண்ணு நல்லாத்தானே இருக்கு! எம்பொண்ணு வாசிக்கப் போறான்னு அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டாங்க. நான் ரெண்டு தடவை ஆட்டுறதைப் பாக்கவா கடையை மூடிட்டு வரணும்? நான் வரல."

தோஃபுவோடு கடித்துக்கொள்ளக் கொகோம் கொடுத்திருந்த பச்சைமிளகாயை இமாஸ் முழுசாகக் கடித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது ஒரு சாக்காயிற்று.

"இந்த வாரம் ஒரே ஒரு தடவை வா. பிடிக்கலேன்னா நானே உன்னைக் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

அந்த வாரம் எல்லா அங்க்லுங்கையும் தரையில் பரப்பி, வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அஞ்சுக்கு அடிதடி. நாலைச் சீந்துவாரில்லை. ரின்ரின் எதையும் தொடவில்லை.

"உனக்கு எதும்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். நான் முன்னால நின்னு கை காட்டுறேன்."

"பாட்டே கேக்காம எப்படிடி காட்டுவே?" என்றான் தாதாங்.

"நீ கேட்டுக்கிட்டேதானே தினமும் லேட்டா ஆட்டுறே!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. இமாஸும் சிரித்துவிட்டு, அனாதையாகக் கிடந்த நாலை எடுத்துக்கொண்டு பின்வரிசையில் போய் நின்றாள்.

ரின்ரின் பெஞ்சின் மேல் ஏறினாள். பலகையில் எண்ணி எண்ணி எண்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம்; காலால் தட்டிக்கொண்டே கையைக் காட்டினாள். யாராவது அசந்தால் போதும், ஒரு முறைப்பு. பயல்கள் கண்ணை எடுக்கவில்லை, பாட்டு ஜோராகப் போனது. மூணு வந்தது, அஞ்சு வந்தது, மறுபடி அஞ்சு வந்தது. பக்கத்தில் எல்லாரும் கை வலிக்க ஆட்டிக்கொண்டிருக்க, இமாஸ் சட்டத்தைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றாள். இப்படியா ஒரு குழந்தையை இரண்டு மாதம் நிற்க வைத்தோம், அதைப் போய் சிவப்பு மையில் பெருமையடித்துக்கொண்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த நினைப்பில், கட்டைவிரல் தரையைப் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

பின்வரிசையில் ஒரு சட்டம் ஆடாததை ரின்ரின் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் தூக்கிப் பாட்டை நிறுத்தினாள்.

"இபு! உங்களோடது வந்துச்சு. எங்க பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"தப்புதாம்மா. என் தப்புதான்."

"நீங்க ஆட்டலேன்னா பாட்டுல ஓட்டை விழுதுல்ல? எல்லாரும் முதல்லேர்ந்து!"

மணி அடிக்கும்வரை நான்கு முறை முதலிலிருந்து போனார்கள். பெஞ்சிலிருந்து இறங்கி வந்த ரின்ரின், டீச்சர் கையிலிருந்த அங்க்லுங்கை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"விழா அன்னைக்கு அம்மாவைக் கடையை மூடிட்டு வரச் சொல்றேன் இபு" என்றாள். "ஆனா நீங்க அதுக்குள்ள வீட்டுல கொஞ்சம் பழகிட்டு வாங்க."