மதியப் படத்தில் ஒரு ‘ஏ’

கும்மிடிப்பூண்டியில் கேபிள் கண்ட்ரோல் ரூமில் சேர்ந்த முதல் வாரமே பெரிய தப்பைச் செய்தேன். யார் மேலும் பழி போட வழியில்லை.

எங்கள் லோக்கல் சேனலில் தினமும் மூன்று படம். மார்னிங் படத்தின் ஃபைல் பெயருக்குப் பின்னால் ‘எம்’, ஆஃப்டர்நூனுக்கு ‘ஏ’, ஈவ்னிங்குக்கு ‘ஈ’ என்று போடுவோம். புதிதாக வந்த ஹார்டு டிஸ்க்கில் ஒரு படம் ‘ஏ’ என்று முடிந்தது. மதியத்துக்கு ஏற்றிவிட்டேன். அது சென்சார் கொடுத்த ‘ஏ’. பெரியவர்களுக்கான படம். கேபிளில் போடவே கூடாது. பள்ளிக்கூட லீவு வேறு.

முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு ஓனரிடமிருந்து போன் வந்தது. அலறியடித்து நிறுத்தினேன்.

“தடங்கலுக்கு வருந்துகிறோம்னு ஒரு ஸ்க்ரோல் உடுய்யா. எவனாவது கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போட்டா பேஜாராயிடும்” என்றார் ஓனர்.

தடங்கலாம்! குழந்தைகள் பார்த்ததற்கு ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் கவரைப்பேட்டையிலிருந்து கலா என்ற பெண் நேரே வந்து நின்றார். தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை.

“உங்க டிவிய நம்பித்தான்யா புள்ளய ஊட்ல உட்டுட்டுப் போறேன். இப்ப தனியா இருக்க மாட்டேன்னு காலைக் கட்டிக்கினு அழுவுது. இன்னிக்கு லீவு போட்டுட்டேன். நாளைக்கும் போகலைன்னா வேற ஆள வெச்சிடுவான். நீ வந்து புள்ளயப் பாத்துக்கிறியா?”

குழந்தை எதைப் பார்த்துப் பயந்தது என்று தெரிய வேண்டியிருந்தது. நான்தான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையே. கலாவுடன் போனேன்.

வீட்டில் டிவி மேல் போர்வை கிடந்தது. கலாவின் பெண்ணுக்கு ஏழு வயது. வெட்டுக்குத்தா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

“அம்மா வேலைக்குப் போனதும் ஒருத்தன் கதவத் தட்னான். அந்தப் பாப்பா தொறந்துட்டா.”

“அப்புறம்?”

“அப்புறம் நீங்க நிறுத்திட்டீங்க. பாப்பா இன்னா ஆனா அங்கிள்?”

“தெரியாதும்மா.”

“நீங்கதான போட்டீங்க?”

கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பி, படத்தைக் கடைசிவரை பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பாப்பாவைக் காப்பாற்றுகிறார்கள். உடனே போன் செய்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நம்பினாள். ஆனாலும் தனியாக இருக்கச் சம்மதிக்கவில்லை.

கலா அவளைப் பக்கத்து வீட்டில் விட்டு வேலைக்குப் போனார். எங்கள் கனெக்‌ஷனை வெட்டச் சொன்னார். நானே போய் பாக்ஸைக் கழற்றினேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: எழுத்தைப் பார்த்துப் படம் போடாதே. முழுசாக உட்கார்ந்து பார். உனக்கு நேரமில்லை என்றால் போடாதே.