மஞ்சள் தொட்டியை ஏற்றியவன்

நான் வந்தபோது இந்தக் கரையில் முள்ளும் மணலும்தான். இன்று நிற்பதெல்லாம் நான் நிறுத்தியது. சீமைக்கருவேல முள்ளை வேரோடு பிடுங்கிக் கடல்வரை பாதை போட்டேன். உப்புக்காற்றுக்கு உதிராத சுவரில் வீடு கட்டினேன். தென்னை பிடிக்காது என்றார்கள். என் தென்னைகளை வந்து பார்க்கட்டும். வாசலுக்கு ஈட்டி முனை வைத்த இரும்புக் கேட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, நானே தகடு வளைத்து வெல்டு வைத்த தண்ணீர்த் தொட்டி. அதை உயரத்தில் ஏற்றியது நான் ஒருவன், சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் ஒரு செயின் பிளாக். நாலாம் வகுப்போடு நின்றவன் எந்த இன்ஜினீயரிடமும் கேட்டுச் செய்யவில்லை.

திருச்சியில் எனக்குக் கிரில் பட்டறை. தகரக் கொட்டகைக்குள் குனிந்தே வாழ்க்கை போனது. வெளிச்சம் என்றால் வெல்டிங் பொறி, காற்று என்றால் புகை. போதும் என்று பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு, வாலிநோக்கம் பக்கம் கடலோரமாக நிலம் வாங்கினேன். விடிந்ததும் கடலில் நீந்த வேண்டும், மண்ணைக் கொத்த வேண்டும், வானத்தைப் பார்த்துப் படுக்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை.

மனைவியும் கூட வந்தாள். தொட்டிக்கு நான் மஞ்சள் அடித்திருந்தேன். பள்ளிக்கூடக் கேட்டு ஒன்றுக்கு வாங்கியதில் மிச்சமான பெயிண்ட் அது.

"சோத்துல மணலு, தலையில மணலு. பேச ஒரு மனுசி கெடையாது. இதுல தொட்டி வேற, ஸ்கூல் வேன் மாதிரி," என்றாள். "நீங்க வேணா கடலோட குடும்பம் நடத்துங்க." அந்த வாரமே பஸ் ஏறிவிட்டாள்.

நடத்தினேன். நீந்தினேன், கொத்தினேன், படுத்தேன். உடம்பு இரும்பாக ஆனது. ஆனால் என் பாதையில் ஒரு ஆள் வரவில்லை. மீனவர் குடியிருப்பு கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி. கடைக்குப் போனால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். நான் கடல்பக்கமாகவே போய்வருகிறவன். ஒருநாள் கேட்டைத் தள்ளினால் அசையவில்லை. கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது. எப்போது இறுகியது என்றே தெரியவில்லை. யாராவது வந்திருந்தால்தானே தெரியும்?

போன வருடம் மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று அடித்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மனைவி போன் செய்தாள். பேச வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. பேசிப் பல நாள் ஆகியிருந்தது.

"அழுவுறீங்களா?" என்று கேட்டாள்.

"தொண்டை கட்டியிருக்கு," என்றேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன், விற்றுவிடுவது என்று. வாங்குகிறவனுக்கு வீடு போகட்டும், என் கைவேலை போகக் கூடாது. முதல் வேலையாகத் தொட்டியை இறக்கித் தரையில் வைத்தேன்.

மறுநாள் வெயில் ஏறிய நேரம். கடல்பக்கப் பாதையில் இரண்டு பேர் விறுவிறுவென்று வந்தார்கள். வள்ளத்தில் தூண்டில் போடும் மாமன் மச்சான். மூத்தவர் வந்த வேகத்தில் கத்தினார்.

"ஏ பெருசு, தொட்டி எங்கன?"

"எறக்கிட்டேன். ஒனக்கென்னப்பா?"

"எனக்கென்னவா? கருக்கல்லேர்ந்து கடல்ல சுத்திக்கிட்டுக் கெடக்கோம். எடம் தெரியாம இவன் எங்கனயோ தூண்டியப் போட்டான். செருப்புத்தான் மாட்டுச்சு."

"அதுவும் ஒத்தச் செருப்பு," என்றார் மச்சான்காரர்.

விவரம் அப்புறம்தான் புரிந்தது. கடலிலிருந்து பார்த்தால் என் தொட்டியும், அதற்குப் பின்னால் தூரத்தில் நிற்கும் ஒற்றைப் பனையும் ஒரே நேராக வருமாம். அந்த நேரைப் பிடித்துப் போய், மேற்கே உப்பளத்துக் கொட்டகை தெரிகிற இடத்தில் நிறுத்தினால் அடியில் பார் இருக்கிறது. பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. மீன் அங்கேதான் கிடக்கும். தொட்டி வருவதற்கு முன் அந்தப் பார் இவர்களுக்குச் சரியாகப் பிடிபட்டதில்லை.

"செல்போன்ல பாக்க முடியாதா?" என்றேன்.

"செல்லு நனைஞ்சாப் போச்சு. ஒங்க தொட்டி நனைஞ்சா என்ன?"

"அந்தப் பாருக்குப் பேரு வச்சிருக்கீங்களா?"

"மஞ்சத்தொட்டிப் பாரு. நீங்க பெயிண்ட் அடிச்ச நாள்லேர்ந்து அதான் பேரு."

நான் தென்னைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அத்தனை நாளும் தினம் காலையில் இத்தனை கண்கள் என் வீட்டைத் தேடியிருக்கின்றன. நான்தான் ஒருத்தரும் பார்க்கவில்லை என்று கிடந்திருக்கிறேன்.

"ஏன்ப்பா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?"

"கேட்டுல ஈட்டிய வச்சுப் பூட்டிருக்கீக. நாயி ஒண்ணுதான் கொறை. யாரு வருவா?"

தொட்டியைத் திரும்ப ஏற்றினோம். எனக்கு உதவி தேவைப்படவில்லை. கூட நின்று சங்கிலியை இழுத்தார்கள், அவ்வளவுதான். வரக்காப்பி போட்டேன். வெளியே ஒரு டம்ளர்தான் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கி, அட்டை பிரிக்காமல் வைத்திருந்த டம்ளர்களை அன்றைக்குத்தான் எடுத்தேன்.

"வாரோம் ஐயா," என்று போனார்கள். அப்புறம் வரவில்லை. அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. கேட்டின் ஈட்டி முனைகளை அறுத்து எடுத்துவிட்டேன், கீலுக்கு எண்ணெய் விட்டேன். காலையில் நீந்தும்போது எதிரே வள்ளங்கள் இந்தப் பக்கம் பார்த்து நிற்கும். கையைத் தூக்குவேன். அவர்கள் பார்ப்பது என் தலைக்கு மேலே.

"வித்தாச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"தொட்டிய விட்டுட்டு எப்படி வர்றது?" என்றேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், சென்ற வாரம் டீக்கடையில் பாம்பன்காரர் ஒருவர் அந்தப் பாரைப் பற்றி விசாரித்தார். பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "அது பஞ்சாயத்துத் தொட்டி, அத அடையாளமா வச்சுப் போங்க." நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பஞ்சாயத்து ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. தகடு என்னுடையது, வெல்டு என்னுடையது, ஏற்றிய கை என்னுடையது. வள்ளக்காரர்களே, மீன் உங்களுடையது, அதில் நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாரை யாருக்குச் சொன்னாலும் ஏற்றியவன் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேர் தெரியாதென்றால் வந்து கேளுங்கள். இத்தனை வருடத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டு திறந்துதான் இருக்கிறது.