எந்தக் கோயில் சிலை?

சிற்பம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சிலை என்று வாயை விட்டேன். கூடுவாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர் அந்த ஒரு வார்த்தைக்கே உஷாராகிவிட்டார்.

முதுகலைச் சிற்பப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்கு நாமே செய்த சிற்பம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் ரயில். மாடிப்படிக்குக் கீழே பழைய புடவை சுற்றி வைத்திருந்ததில் ஒரு பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் அசல் வெண்கலம்தான், களிம்பு ஏறிய பச்சை. அந்தப் பச்சைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எந்தக் கோயில்துமா இது?"

"கோயில் சிலை இல்ல சார். நான் பண்ணது, ஃபைபர். தூக்கிப் பாருங்க, கனமே இருக்காது."

"நான் தொடமாட்டேன், கைரேகை விழும். சிலை கடத்தல்னு டிவியில தினம் காட்றான். பில் இருந்தா காட்டு, இல்லேன்னா ஸ்டேஷனுக்கு போன் போடுவேன். கேட்டைத் தாண்டாது."

எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான். அம்மா மீன் விற்பவள். குடிவந்த நாளிலிருந்தே அவருக்கு அந்த வாடை ஆகாது. எங்களைக் காலி பண்ண வைக்கச் சாக்குத் தேடுகிறார் என்று வயிறு எரிந்தது. புடவையை உருவிப் போட்டேன்.

"நல்லா பாருங்க. எங்க அம்மா!"

குத்துக்காலிட்டு மீன் அரியும் பெண், ஆள் அளவு. சத்தம் கேட்டு அம்மா வந்து நின்றாள். அதுவரை அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இதைப் படித்தால் எவன் வேலை கொடுப்பான் என்று அவளுக்கு வேறு சந்தேகம். ஓனர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவங்களுக்கு இடது கையில சுண்டுவிரல் இல்ல. இதுக்கு இருக்கே?"

அருவாமனை எப்போதோ கொண்டுபோன விரல் அது. மனசு கேட்காமல் நான்தான் திருப்பி வைத்திருந்தேன்.

அம்மா என்னை முறைத்தாள். "இத்த யாரு உன்ன வெக்கச் சொன்னது? அறு."

"அம்மா, நாளைக்குக் கிளம்பணும்மா."

"அறுன்றேன்ல."

ஆக்ஸா பிளேடை எடுத்தேன். விரல் விழுந்ததும் உள்ளே வெளிறிய நார் தெரிந்தது. ஓனர் மேல்துண்டைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு அந்த நாரைத் தடவிப் பார்த்தார். "அட, பிளாஸ்டிக்கு!" என்றவர் அப்படியே உள்ளே போய்விட்டார். ஒரு ஸாரி? ம்ஹூம்.

அறுத்த இடத்தை மறைக்க அவசரமாகப் பச்சை வண்ணம் குழைத்தேன். அம்மா குனிந்து, அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"உடு. இப்பதான் நான் மாரி கீது."