டொன் வழியே ஹம்பருக்கு

ரொறொன்ரோவில் டொன் என்றும் ஹம்பர் என்றும் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த பெயர்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் புவியியல் படித்தவன் என்பதால், அவற்றில் எனக்கு ஏதோ உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தை இன்றுவரை கண்டதில்லை. ஆனால் டொன் பென்னைன் மலையில் பிறந்து, ஷெஃபீல்டைத் தாண்டி, டொன்காஸ்டரைத் தொட்டு, ஊஸ் ஆற்றில் விழுவதை மூச்சுவிடாமல் சொல்வேன். ஊஸும் ட்ரென்ட்டும் கூடினால் ஹம்பர். கலியாண வீடுகளில் இதை ஒப்புவித்து எத்தனையோ பேரைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பியிருக்கிறேன்.

ஊரில் போர் முடிந்த அந்த மே மாதம், மனைவியின் தம்பி நகரத்தின் கிழக்கே மோர்னிங்சைட்டில் எங்களோடு இருந்தான். அவர்களுடைய கடைசித் தங்கை குடும்பத்தோடு வன்னியில் அகப்பட்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. அவன் வேலைக்குப் போகாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் அசையாமல் கிடந்தான்.

“இவனைக் கொஞ்சம் வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ. ஹம்பர் பக்கம் இருக்கிற உங்கட சிநேகிதர் வீட்டை போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ” என்றாள் மனைவி.

சப்வே ரயில் டொன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. கீழே தண்ணீரைக் கண்டதும் எனக்குள் பழைய மாணவன் எழும்பிவிட்டான்.

அடுத்த தரிப்பில் “இறங்கு” என்றேன்.

“ஏன் அத்தான்? இன்னும் கனதூரம் இருக்கே.”

“டொன்னைப் பிடிச்சுக்கொண்டு நடந்தால் நேரை ஹம்பர்தான்.”

மறுத்துப் பேசவும் அவனுக்குத் தெம்பில்லை. ஆற்றோரப் பாதையில் நடந்தோம். மழை பிடித்துக்கொண்டது. நான் ஷெஃபீல்டின் உருக்கு ஆலைகளை விளக்கிக்கொண்டே போனேன். கடைசியில், பெருந்தெருப் பாலங்களுக்குக் கீழே ஆறு சட்டென்று மடங்கி, வாய்க்கால்போல ஒடுங்கி, ஏரிப் பக்கம் போனது. ஹம்பரைக் காணவில்லை.

நாயோடு வந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். அவள் எங்கள் சேற்றுச் சப்பாத்துகளைப் பார்த்தாள். ஹம்பர் நகரத்தின் மறுகோடியில் தனியாக ஏரியில் விழுகிறது, இந்த ஆற்றுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றாள்.

“அப்ப அந்த ஊஸ் எங்கை அத்தான்?”

“இங்கிலாந்திலை.”

“ட்ரென்ட்?”

“அது ஒண்டு இஞ்சையும் இருக்கு. ஆனால் மற்றப் பக்கம்.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படியே அது அழுகையாக மாறியது. பாலத்தூணில் சாய்ந்து “தங்கச்சி, தங்கச்சி” என்று விம்மினான். அதுவரை அவன் அழுததே இல்லை. அவன் முதுகைத் தடவியபடி நின்றேன்.

சில வாரங்கள் கழித்து, வன்னியிலிருந்து வந்தவர்களை அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. தங்கைதான்.

“பிள்ளையள் ரெண்டும் பக்கத்திலை நிக்கினம். இவரைத்தான் காணேல்லை” என்றாள்.

அடுத்த நாள் விடிய அவன் சவரம் செய்துவிட்டு மிசிசாகாவுக்கு வேலைக்குப் போனான். மனைவி முகாமிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். அவள் அதை வாங்கி, உதறி, திரும்பவும் மடித்து வைத்தாள்.