முதியோர் பென்ஷனில் ஒரு காலியிடம்

ஒரு தாலுகாவில் எத்தனை பேர் கிழவர்கள் ஆவார்கள், ஆனபிறகு எத்தனை வருஷம் உயிரோடு இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க யாரால் முடியும்? திண்டுக்கல் தாலுகா ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெட் கிளார்க் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. மேலிடத்தில் அவரைக் கேட்டிருந்தார்கள். அவர் என்னைக் கேட்டார். எனக்குக் கீழே கேட்பதற்கு ஆள் இல்லாததால் கேள்வி என் மேஜையிலேயே தங்கிவிட்டது.

இனி ஆபீஸ் வேலைக்கு வரப்போகும் பெண்களுக்கு உபயோகப்படலாம் என்று சிலவற்றை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பையன் தூங்கும் நேரம்தான் எனக்கு வாய்த்தது. அதனால் சில இடங்களில் அவசரம் தெரியும்.

1. வயது கூடிய ஊர்

ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதாமாதம் மணியார்டரில் பணம் அனுப்பும் திட்டம் அப்போது புதிது. கிழவிகளோடு பேசுவதற்குப் பெண்பிள்ளைதான் சரி என்று சொல்லி அந்த செக்‌ஷனை எனக்குத் தந்தார்கள். விண்ணப்பிப்பவருக்குக் குறிப்பிட்ட வயது ஆகியிருக்க வேண்டும். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் முகத்தைப் பார்த்து ஒரு வயது எழுதுவார், ஆர்.ஐ. என்கிற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொள்வார், நான் ஃபைலில் கோப்பேன்.

திட்டம் வருவதற்குமுன் வயதைக் கேட்டால் குறைத்துச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்திலும் இருந்தது. ஒரு நாள் ஆர்.ஐ. ஒரு கட்டுக் காகிதத்தை என் மேஜையில் போட்டுவிட்டு, "எரியோட்டுல ஒரே மாசத்துல ஊருக்கே பத்து வயசு கூடிப்போச்சும்மா. இன்னும் ரெண்டு மாசம் போனா நாமதான் அவங்களுக்குப் பேரன் மாதிரி தெரிவோம்" என்றார்.

2. போகாதவர்கள்

ஒதுக்கிய பணம் முதல் வருஷமே தீர்ந்துவிட்டது. அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வாங்குகிறவர்களில் ஒருவர் காலமானால் அந்த இடத்தில் காத்திருப்பவர் ஒருவரைச் சேர்க்கலாம். எல்லாரும் வயதானவர்கள், இரண்டு மூன்று வருஷத்தில் பாதி இடம் காலியாகும், புதியவர்கள் வருவார்கள், செலவு ஏறாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் மாதாமாதம் மணியார்டர் வந்ததும் அவர்கள் அரிசி வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்கள். சாப்பிட்டதும் நடமாட ஆரம்பித்தார்கள். செத்துப்போவதாக உத்தேசிக்கப்பட்டவர்கள் சந்தையில் நின்று பேரம் பேசினார்கள். இடம் ஏன் காலியாகவில்லை என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது.

ஹெட் கிளார்க்குக்கு சுகாதார இலாகா மேல்தான் கோபம். "காலராவ நிறுத்திட்டாங்க. மலேரியாவுக்கு வீடு வீடா மருந்து அடிச்சாச்சு. இனிமே கெழடுக எதுலதாம்மா சாகும்? அவங்க நல்ல பேரு வாங்கிக்கிட்டாங்க, செலவு நம்ம தலையில" என்றார். அந்த வாரம்தான் என் பையனுக்கு அம்மை குத்திக்கொண்டு வந்திருந்தேன். அவனும் நெடுநாள் இருப்பான் என்ற சந்தோஷத்தோடு, எந்தக் குமாஸ்தா மேஜையில் அவன் ஒரு தலைவலியாகப் போய் உட்காருவானோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. தாயார் நினைக்கிற நினைப்பா இது என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது.

பதில் டிராஃப்ட் எழுதினேன். 'பயனாளிகள் நலமாக இருப்பதால் இடம் காலியாகவில்லை.' தாசில்தார் சிரித்துவிட்டு 'நலமாக' என்பதை மட்டும் அடித்தார்.

3. எரியோட்டுக்காரர்

காத்திருப்போரில் முதலில் இருந்தவர் சின்னாளப்பட்டி ரெங்கம்மா. சாயத்தில் நனைக்குமுன் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை செய்தவர். கண் மங்கியதும் வேலை நின்றது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பக்கத்துத் தறி வீடுகளில் ஊற்றும் கஞ்சிதான். அந்த வீடுகளிலும் தறி ஓடினால்தான் கஞ்சி. திங்கட்கிழமைதோறும் ஜவுளி ஏற்றும் வண்டியில் வந்து என் மேஜை முன் நிற்பார். காலி இருக்கிறதா என்று கேட்கமாட்டார். "எல்லாரும் நல்லாருக்காகளா தாயி?" என்பார். நல்லாயிருக்கிறார்கள் என்பேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு சமயம் எரியோடு சடையாண்டி என்பவரின் மணியார்டர் அடுத்தடுத்துத் திரும்பி வந்தது. வீடு பூட்டியிருக்கிறது, பாத யாத்திரை போனவர் வழியில் காலமாகியிருக்கலாம் என்று கர்ணம் எழுதினார். ஹெட் கிளார்க் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ரெங்கம்மாவை நேரில் விசாரிக்க ஆர்.ஐ. சின்னாளப்பட்டி போனார்.

அவர் எழுதிக்கொண்டு வந்தது இது: 'விண்ணப்பதாரர் புதிய சுங்குடிச் சேலையும் மூக்குத்தியும் அணிந்திருந்தார். வீடு வெள்ளையடிக்கப்பட்டுள்ளது. காபி கொடுத்து உபசரித்தார். ஆதரவற்றவராகத் தோன்றவில்லை.'

நடந்ததை அடுத்த திங்களன்று ரெங்கம்மாவே பெருமையோடு சொன்னார். சர்க்கார் வீடு தேடி வருகிறதென்று தெரு கூடிவிட்டது. ஒரு வீட்டில் சேலை இரவல், ஒரு வீட்டில் மூக்குத்தி, ஒரு வீட்டில் பாலும் காபித் தூளும். இளவட்டங்கள் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆர்.ஐ. காபியை மிச்சம் வைக்காமல் குடித்தாராம்; ஆகவே காரியம் பழம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆர்.ஐ. எழுதியதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கி நிற்கையில், தோளில் காவித் துண்டோடு ஒரு பெரியவர் நேரே மேஜைக்கு வந்தார். "என் பணத்த எவன் நிறுத்துனது?" என்றார். சடையாண்டி. பழனியில் மடத்துச் சாப்பாடு நன்றாக இருந்ததாம், இருந்துவிட்டாராம். ஹெட் கிளார்க் எழுந்து வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏய்யா, ஒரு காயிதம் போடக் கூடாதா?" என்றார், கடன்பட்டவரைக் கேட்பதுபோல.

இவர் இடம்தான் தனக்கு வரவிருந்தது என்று ரெங்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சடையாண்டியை பெஞ்சில் உட்காரச் சொல்லி, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். பிறகு, "நல்லா இரு அப்பு. ஆனா இன்னொரு தடவ பழனிக்குப் போனா தபால்காரர்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. இங்க எங்கள ஓட ஓட வெள்ளையடிக்க வைக்கிறாக" என்றார்.

4. இந்த மார்கழியில்

இப்போது உண்மையாகவே ஓர் இடம் காலியாகியிருக்கிறது. யார் என்று எழுதவில்லை. அவரும் ரெங்கம்மா திங்கள்தோறும் நலம் விசாரித்தவர்களில் ஒருவர்தான். தை பிறந்ததும் அதே ஆர்.ஐ. மறுபடி சின்னாளப்பட்டிக்குப் போகிறார். பழைய அறிக்கை ஃபைலில் இருக்கிறது. இரண்டாவது முறையும் அப்படியே எழுதினால் ரெங்கம்மாவின் பெயரை எடுத்துவிடுவார்கள்.

ஆபீஸ் குமாஸ்தா விண்ணப்பதாரர் வீட்டுக்குப் போவது முறையில்லை. ஆனாலும் போன ஞாயிறு பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆர்.ஐ. வருகிற அன்றைக்கு, எப்போதும் கட்டுகிற சேலையிலேயே இருங்கள் என்றேன்.

ரெங்கம்மா கட்டியிருந்த சேலையின் முந்தானையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை போகும் அளவுக்குக் கிழிசல். "இதோடயா? ஆம்பள முன்னாடி, அதுவும் சர்க்கார் மனுசர் முன்னாடி?"

"அப்படி நின்னாத்தான் குடுப்பாங்க."

"அப்ப ஒண்ணுமே இல்லாம நின்னா, சேத்துக் குடுப்பாகளா?"

அடுத்த வீட்டுப் பெண் தறியில் பாவு நூலைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள். அந்த நாளுக்கென்று பச்சையில் ஒரு சேலை எடுத்து வைத்தாயிற்றாம். போன தடவை கட்டியதையே கட்டினால் ஆர்.ஐ. கேவலமாக நினைக்கமாட்டாரா என்று என்னையே கேட்டாள்.

ரெங்கம்மாவுக்குப் பின்னால் காத்திருப்பவர் கிழிந்த வேட்டியோடுதான் வருவார். அவருக்கு யோசனை சொல்ல ஆள் வேண்டாம். அவருக்குப் பசியில்லை என்றும் நான் சொல்ல முடியாது. ஆர்.ஐ.யிடம் சேலை இரவல் என்று நான் சொன்னால், உனக்கென்னம்மா அவ்வளவு அக்கறை, உறவா என்பார். தாசில்தாரிடம் சொன்னால் ஆர்.ஐ.க்கு மேல் புகார் செய்ததாகும். சொல்லாவிட்டால் ரெங்கம்மா பச்சைச் சேலையில், சிரித்த முகமாக, காபி டம்ளரோடு வாசலில் நிற்பார்.

இதுபோன்ற நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். நான் வாயைத் திறக்க வேண்டுமா, திறந்தால் யாரிடம்? தைக்கு முன் ஒரு கார்டு போட்டால் போதும். முகவரியை ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். எங்கள் ஆபீசில் தமிழில் வரும் கடிதங்களை விண்ணப்பம் என்று நினைத்துக் கட்டோடு சேர்த்துவிடுகிறார்கள்.