அலைக்கு முந்திய தந்தி

எனக்குப் பொறுமை என்பது என்றைக்குமே கிடையாது. ஆம்பூர்த் தோல் ஷெட்டில் மேற்பார்வைக்கு இருந்த காலத்தில், சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறும்வரை காத்திருப்பதே எனக்குப் பெரிய தண்டனை. அப்படிப்பட்டவனை ஒரு மாசி மகத்தன்று காலையில் பூமி ஆட்டிப் பார்த்தது.

முதலில் மேஜை மேலிருந்த காப்பி டம்ளர் கிடுகிடுவென்று நடுங்கி நின்றது. கூட்ஸ் வண்டி போகிறது என்று நினைத்தேன். காப்பியை ஆற்றிக் குடித்து முடித்த பிறகு, காற்றே இல்லாத ஷெட்டுக்குள் கொடியில் தொங்கிய தோல்களெல்லாம் ஒரே போக்கில் ஆடின. குழித் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி வழிந்தது, பிறகு மறுபக்கம் வழிந்தது. ஓரத்தில் நின்ற ஆட்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"குழி நாத்தம் தலைக்கு ஏறிப்போச்சு, வேற இன்னா? மோர் குடிச்சிட்டு வேலையப் பாருங்க" என்றார் மேஸ்திரி. தோல் ஷெட்டில் எந்த மயக்கத்துக்கும் நாற்றத்தின் மேல்தான் பழி.

எனக்கு இது பூகம்பம் என்று பட்டது. வேலூர்க் காலேஜில் படித்ததில் மிச்சமிருந்த பாடம் அது ஒன்றுதான். எங்கோ பூமி உடைந்தால், அமுக்கி அமுக்கித் தள்ளும் அதிர்வு முந்திக்கொண்டு வரும். பக்கவாட்டில் உலுக்குவது பின்னால் வரும். நிலத்தின் மேற்பரப்பை ஆட்டும் நெடிய அலை அதற்கும் பின்னால். மின்னலுக்குப் பிறகு இடி தாமதித்தால் தூரத்தில் விழுந்தது என்கிறோமே, அதே கணக்கு. இன்றைக்குத் தாமதம் அதிகம். உடைந்த இடம் வெகு தூரம். வடக்கே என்றால் தரை, கிழக்கே என்றால் கடல்.

கடலடித் தரை திடீரென்று எழும்பினால் அதன் மேல் நிற்கும் தண்ணீர் முழுவதும் எழும்பும். ஆழக் கடலில் அந்த அலை கப்பல்காரனுக்கே தெரியாத உயரத்தில், மெயில் வண்டியைப் பல மடங்கு மிஞ்சி ஓடும். கரையருகே ஆழம் குறையக் குறைய வேகம் தளர்ந்து, தண்ணீர் நெரிபட்டு உயரும். ஆனாலும் பூமிக்குள் வரும் அதிர்வுக்கு நிமிஷங்கள் போதும், கடலலைக்கு மணிக்கணக்காகும். அந்த இடைவெளி ஒன்றுதான் என் கையில் இருந்தது. என் மனைவி மாசி மகத்துக்குக் கடலில் முழுகுவதற்காக மயிலாப்பூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

தந்தி ஆபீசுக்கு ஓடினேன். அவளைக் கடலுக்கு அனுப்பாதீர்கள் என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினேன்.

"யாரு சார் தவறிட்டாங்க?" என்றார் குமாஸ்தா. அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

அடுத்த ரயிலில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஏறினேன். என்ஜின் தண்ணீர் பிடிக்க நின்றபோது டிரைவரைத் திட்டினேன். எதிரே இருந்தவர் சோளிங்கர் மலைச் சாமிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். கணக்கெல்லாம் படித்தவன், பேசாமல் வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் மயிலாப்பூர்த் தெருவுக்குள் நுழையும்போதே ஒப்பாரி கேட்டது. போய்விட்டாள் என்று முடிவு கட்டினேன். எப்படியோ வாசலேறிப் பார்த்தால், கூடத்தின் நடுவே தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தவளே அவள்தான்!

தந்தி என்றால் சாவு. அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் யாருமில்லை, பிரிக்கவும் யாருக்கும் கை வரவில்லை. ஆம்பூரிலிருந்து என்று தந்திச் சேவகன் சொன்னதே போதும் என்று அக்கா கடற்கரைக்கு ஓடியிருக்கிறாள். "உன் வூட்டுக்காரரு போய்ட்டாரு" என்று கதறி, முழுக நின்றவளை இழுத்து வந்திருக்கிறாள்.

அதன் பிறகுதான் கடல் உள்வாங்கியதாம். ஜனங்கள் வெறும் மணலில் கிளிஞ்சல் பொறுக்க இறங்கினார்களாம். திரும்பி வந்த தண்ணீர் கட்டுமரங்களைத் தூக்கி ரோட்டில் போட்டதாம்.

அவள் என் மார்பில் குத்தினாள், கன்னத்தைத் தடவினாள், மறுபடி குத்தினாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஆனால் எங்கள் வீட்டு ஒப்பாரி ஓய்ந்த பிறகும் தெருவில் ஒப்பாரி கேட்டது.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு. எங்கூடத்தான் முழுக வந்தா" என்றாள்.

எனக்காக அவிழ்த்த கூந்தலை முடியாமலே எழுந்து, அந்த வீட்டுக்கு அழப் போனாள்.