மெதுவாக நீந்தியதற்கு வந்த வினை

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நீந்துங்கள் என்றார் டாக்டர். எங்கள் ஏரியாவான ஔந்தில் உள்ள நீச்சல்குளத்தில் சேர்ந்து இன்று பத்தாவது நாள்.

குளத்தில் இறங்குமுன் போனில் ஒரு கட்டுரையைப் படித்துத் தொலைத்தேன். பழகாத உடம்பை மூச்சு முட்ட நீந்தவிட்டால், செல்களைக் கெடுக்கும் ஃப்ரீ ராடிகல்ஸ் பெருகுமாம். விடாமல் பழகினால்தான் அவற்றைத் தடுக்கும் ஆன்ட்டிஆக்ஸிடன்ட் சக்தி உடம்புக்குள் வளருமாம்.

பத்து நாள் என்பது பழக்கமா, இல்லையா? அதை மட்டும் யாரும் எழுதவில்லை.

வம்பே வேண்டாம் என்று மூச்சு வாங்காமல், கை கால் அசைகிறதா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக நீந்தினேன்.

தொப்பென்று ஒரு சத்தம். நான் மூழ்குவதாக நினைத்து லைஃப்கார்டு குதித்துவிட்டார்.

"அங்கிள், கப்ராவோ மத்! மை ஆ ரஹா ஹூ!" பயப்படாதீங்க, இதோ வர்றேன் என்று இந்தியில் கத்தினார்.

"ஐயோ, எனக்கு ஒண்ணுமில்லப்பா!" பதற்றத்தில் இந்தி வரவில்லை. அவர் இன்னும் வேகமாக வந்தார்.

அவர் கையில் சிக்காமல் கரைக்குப் பறந்தேன். வாழ்க்கையில் அப்படி நீந்தியதே இல்லை.

மூச்சு வாங்க மனைவிக்குப் போன் செய்தேன். "நீச்சலை விடாதீங்க, படிக்கிறத விடுங்க" என்றாள்.

நெல்லிக்காயில் ஆன்ட்டிஆக்ஸிடன்ட் உண்டாமே என்று பயத்தில் இதுவரை மூன்று தின்றாகிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்குப் போகாவிட்டால் பழக்கம் விட்டுப்போகும். போனால் அந்த லைஃப்கார்டு இருப்பார்.